நீலச் சேலை வெள்ளையாக வந்த படம்

1. கவிழ்த்து வைத்த படம்

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அழகம்மாள், நாங்கள் எடுத்துக் கொடுத்த படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அதன் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

"இதத் தூக்கிக் குப்பையில போடுங்க. எம் மகன் பினாங்குல உசுரோட இருக்கான். நீங்க இங்கன இருந்துக்கிட்டு அவனுக்குக் கருமாதி பண்ணிட்டீக" என்றாள்.

அவளுக்குப் பின்னால் மருமகள் ராக்கு ஒரு தகரப் பெட்டியோடு நின்றாள். அழுது கண் வீங்கியிருந்தது. படத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் பெட்டி எதற்குக் கொண்டு வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

"அலங்காநல்லூர்ல இவ அப்பன் வீடு இருக்கு. இங்கிட்டிருந்து நேரா அங்க கொண்டுபோயி விட்டுட்டு வாரேன். மகங்கிட்ட இருந்து கடுதாசி வந்து மாசக்கணக்கா ஆச்சு. அம்புட்டும் இவ வந்த நேரந்தேன்னு ஊருல சொன்னாக. நான் நம்பல. இப்ப படமே சொல்லிருச்சு."

ஒரு போட்டோவினால் ஒரு பெண்ணுக்குப் புருஷன் வீடு இல்லாமல் போகும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. இப்போது கலர் ஃபிலிம் போட்டுப் பட்டென்று அமுக்கிவிட்டுப் போகிற தம்பிகளுக்கு இது கட்டுக்கதை போல இருக்கும். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எல்லாம் இரண்டாம் யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள்.

2. வெள்ளைக் கோட்டு

எங்கள் ஸ்டுடியோ மேலமாசி வீதியில் ஒரு மாடியில் இருந்தது. 'எங்கள்' என்று சொல்கிறேனே தவிர, முதலாளி வேறு ஒருவர். என் வீட்டுக்காரர் அங்கே இருட்டறையில் பிளேட், அதாவது படம் விழுகிற கண்ணாடித் தகடு, கழுவுகிற வேலையில் இருந்தார். விஷக் காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, காரியமெல்லாம் முடிந்து முதலாளி வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, பொம்பளையாளுக படம் எடுக்க வந்தா, முந்தானையச் சரி பண்ணுங்கன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரமாட்டேங்குது. சொன்னா கூட வந்த ஆம்பளை மொறைக்கிறான். சொல்லாட்டி படம் நல்லா இல்லைன்னு சண்டைக்கு வாரான். நீ வந்து அந்தப் பக்கத்தைப் பாத்துக்கிறியா?"

எனக்குச் சம்மதந்தான். ஆனால் நான் வெள்ளைச் சேலைக்காரி. கல்யாணப் பெண்ணுக்கும் வளைகாப்புக்காரிக்கும் பூச்சூட்டிப் பொட்டைத் திருத்துகிறவள் தாலியறுத்தவள் என்று தெரிந்தால், படியேறி வந்த கூட்டம் அப்படியே இறங்கிப் போய்விடும். அதற்கும் முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். ஆஸ்பத்திரி நர்சுகள் போடுவதுபோல முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்தார்.

"இதப் போட்டுக்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாக" என்றார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. வெள்ளைச் சேலையைப் பார்த்தால் முகம் சுளிக்கிற ஊர், வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் கும்பிடு போட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வேதக்காரப் பெண் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நர்ஸம்மா என்று பெயரும் வந்தது. அந்தப் பெயரில்தான் நான் காலம் தள்ளினேன்.

3. பிளேட்டின் குருட்டுக் கண்

படம் எடுப்பது சில விநாடி வேலை. ஆளைத் தயார் செய்வதுதான் உண்மையான வேலை.

ஆண்களுக்கு ஸ்டுடியோவில் ஒரு கோட்டு, ஒரு தலைப்பாகை, ஓடாத கைக்கடிகாரம் ஒன்று எல்லாம் உண்டு. கடிகாரம் ஓடவில்லையே என்று ஒருவரும் வருத்தப்பட்டதில்லை. சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு அது தெரியும்படி உட்காருவதில்தான் கவனம். பெண்களுக்கு எங்களிடம் ஒரு வெள்ளை ரவிக்கை இருந்தது. பட்டிக்காட்டிலிருந்து ரவிக்கை இல்லாமல் வருகிறவர்களுக்கு அதைப் போட்டு, முதுகுப் பக்கம் ஊக்கு குத்தி இழுத்துப் பிடித்துவிடுவேன். ஒல்லிக்கும் அதே ரவிக்கை, குண்டுக்கும் அதே ரவிக்கை. முன்னால் இருந்து பார்த்தால் தையற்காரன் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

விவசாயம் பார்க்கிற சம்சாரிக் குடும்பங்களுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. இரண்டு காதும் தெரிய வேண்டும், பத்து விரலும் தெரிய வேண்டும். பக்கவாட்டில் உட்கார வைத்தால், "ஒத்தக் காதோட எடுத்தா எங்க அப்பாவ மூளிக் காதுன்னு நெனச்சுக்கிருவாகளே" என்பார்கள். அதனால் எல்லோரும் நேரே பார்த்து, முழங்கால்மேல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்கள் போலவே இருப்பார்கள். பின்னால் ஒரு இரும்புக் கவை தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது நிறம். அன்றைக்கு எங்களைப் போன்ற ஸ்டுடியோக்கள் வாங்கிய ஆர்டினரி பிளேட்டுக்குப் பாதி நிறங்கள் தெரியாது. சிவப்பு அதற்குக் கறுப்பு. மஞ்சளும் கிட்டத்தட்ட கறுப்புத்தான். பச்சையும் இருண்டுவிடும். நீலத்தை மட்டும் பளிச்சென்று வெள்ளையாக்கிவிடும். வெளிர் நீலம் என்றால் கேட்கவே வேண்டாம், சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி இருக்கும்.

நம் பெண்கள் படத்துக்குத் தயாராகி வருவது எப்படி? விடியற்காலையில் மஞ்சள் தேய்த்துக் குளித்து, முகமெல்லாம் மஞ்சள் மினுமினுக்க, நடுவில் குங்குமம் வைத்து, மஞ்சள் கயிற்றுக்குப் புதிதாக மஞ்சள் பூசி வருவார்கள். பிளேட்டில் முகம் கறுப்பாகும். கறுத்த முகத்தில் குங்குமமும் கறுப்பாகி, பொட்டு இருந்த இடமே தெரியாது. கழுத்துக் கயிறு கழுத்தோடு கலந்துவிடும். எவ்வளவு மங்கலமாகப் புறப்பட்டு வருகிறார்களோ அவ்வளவு அமங்கலமாகப் படம் வரும். அதற்கு நானும் முதலாளியும் என்ன செய்ய முடியும்? வெளியூர்க்காரர்கள் தேதி கேட்க வரும்போதே, மஞ்சள் பூசாமல் வாருங்கள், நீலச் சேலை வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம். சொன்னதைக் கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

4. பினாங்குச் சேலை

ராக்குவின் புருஷன் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். கல்யாணமான சூட்டோடு கப்பலேறியவன். ஊருக்கு வந்த யாரோ ஒருவர் மூலமாக ஒரு வெளிர் நீலச் சேலையைக் கொடுத்தனுப்பி, அதைக் கட்டிக்கொண்டு ராக்கு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து தகவல் நின்றுவிட்டது. படத்தைக் கண்டாலாவது பதில் போடுவான் என்று மாமியார் மருமகளைக் கூட்டி வந்தாள்.

அழகம்மாளும் புருஷனை இழந்தவள். அவள் உடுத்தியிருந்ததும் வெள்ளைச் சேலைதான். மருமகளைப் புறப்படச் செய்தபோதுகூட அவள் கை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுமங்கலி ஒருத்தியைக் கூப்பிட்டுத்தான் தலை வாரிப் பொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ராக்கு வந்து நின்றபோது கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தாள். மஞ்சள் முகம், சிவப்புப் பொட்டு, நீலச் சேலை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஆத்தா, இந்தச் சேலை படத்துல வெள்ளையா வரும். முகத்துல மஞ்சளையும் கழுவிருவோம். நம்ம ஸ்டுடியோவுல அரக்குச் சேலை இருக்கு, அதக் கட்டிவிடுறேன்" என்றேன்.

"நல்லாருக்கே கதை! எம் மகன் வாங்கி அனுப்புன சீலைய விட்டுட்டு ஊரார் சீலையவா கட்டுவா? மஞ்சளக் கழுவவா? புருஷன் தூரத்துல இருக்கையில மொகத்துல மஞ்சளக் கழுவச் சொல்றியே, நீ வேதக்காரி, உனக்கென்ன தெரியும்?"

முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "விடும்மா. அவுக கேக்குறபடி எடுத்துக் குடுத்துருவோம். கீழ வேற கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு" என்றார். பேருக்கு ராக்குவின் தலையைக் கொஞ்சம் வாரி, பூவை முன்னால் தெரியும்படி இழுத்துவிட்டு, உட்கார வைத்தேன். கூச்சத்தில் அவள் தாலியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள். முதலாளி காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வேலை முடிந்தது.

படம் வந்தது. வெள்ளைச் சேலை. இருண்ட முகம். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை. முதலாளி நெகட்டிவில் பென்சில் வேலை செய்து முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினார். அதற்குமேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் படத்தைத்தான் அழகம்மாள் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தாள்.

5. அழகர் உடுத்திய பட்டு

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு நிறம் என்பது வெறும் நிறம் அல்ல. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்த்து, அந்த வருஷம் எப்படி இருக்கும் என்று சொல்கிற ஊர் இது. பச்சை உடுத்தி வந்தால் ஊர் செழிக்கும். பட்டர் பெட்டிக்குள் கையை விட்டுப் பட்டை எடுக்கிறபோது வேறு நிறம் வந்துவிட்டால் முகம் வாடிவிடும். அப்படிப்பட்ட ஊரில் மருமகள் வெள்ளைச் சேலையில் வந்து நின்றால் மாமியார் பயப்படாமல் என்ன செய்வாள்? அவளை முட்டாள் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

அதனால் அவள் வழியிலேயே போய்ப் பார்த்தேன். எங்கள் மாடிப்படிச் சுவரில், அந்த வருஷம் அழகர் இறங்கிய படம் ஒன்று மாட்டியிருந்தது. முதலாளி ஒரு வீட்டு மொட்டை மாடியில் நின்று எடுத்தது. அழகம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இந்த வருஷம் நீங்க ஆத்துக்குப் போயிருந்தீங்களா, ஆத்தா?"

"போகாம? ஒரு வருஷமும் விட்டதில்ல. பச்சைப் பட்டு உடுத்தித் தங்கக் குதிரையில வந்தாரு."

"படத்துல பாருங்க. பட்டு என்ன நிறமா இருக்கு?"

கிட்டே போய்ப் பார்த்தாள். கன்னங்கரேல் என்று இருந்தது. விரலால் அந்தப் பட்டைத் தடவிப் பார்த்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

"சாமிக்கு எந்தப் பட்டும் பட்டுத்தேன்" என்றாள். "அது சாமி விசயம். இது மனுசி விசயம். வெள்ள உடுத்துறது எப்படின்னு எனக்கு நீ சொல்லித் தாரியா? பொட்டு அழிஞ்ச நெத்தி எப்படி இருக்கும்னு நான் கண்ணாடியில தெனம் பாக்குறேன்."

எனக்கும் அதே கண்ணாடிதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் திடீரென்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னைக்கு இவ தலையத் தொட்டது, பூவ இழுத்துவிட்டது நீதானே? உனக்குப் புருஷன் இருக்கானா?"

வேதக்காரி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இருக்கிறார், வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி என்னைப் பார்த்தார். அவர் கண் அதைத்தான் சொல்லச் சொன்னது. ஆனால் ராக்கு அந்தத் தகரப் பெட்டியைக் கீழே வைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"இல்ல ஆத்தா. அந்த இருட்டறையில வேலை பாத்தவருதான் எம் புருஷன். அவரு போயிட்டாரு" என்றேன். கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் போட்டேன்.

அழகம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி! நானே எம் மருமக தலையில கை வைக்க மாட்டேன். அறுத்தவ கை படக்கூடாதுன்னு பக்கத்து வீட்டுக்காரிய வச்சுல்ல பொறப்பட வச்சேன். நீ கோட்டைப் போட்டு ஏமாத்தி அவ தலையில கை வச்சியா? அதுதேன் இப்படி விடிஞ்சிருக்கு. உன் கைராசிதேன் படத்துல வந்திருக்கு!"

சத்தம் கீழே வரை போயிருக்கும். முதலாளி முகம் செத்துப்போனது. அவர் பயம் எனக்குத் தெரியும். கல்யாண சீசன். ஒரு வாய் ஊரெல்லாம் சொன்னால் போதும், கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"ஏம்மா, உனக்கெதுக்கு இந்த வேல? இம்புட்டு நாளாக் காப்பாத்துனதப் போட்டு உடைச்சிட்டியே" என்று பல்லைக் கடித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொதுவாக எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அன்றைக்கு இன்னும் சீக்கிரம் வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாமியார்மேல், முதலாளிமேல், கண் தெரியாத அந்தப் பிளேட்மேல், விட்டுவிட்டுப் போன என் வீட்டுக்காரர்மேலும் கூட.

6. பொய்ச் சாமான்களும் நானும்

"சரி ஆத்தா. இந்தப் படப் பொட்டி பொய் சொல்லாதுன்னுதானே சொல்றீங்க? உள்ளது உள்ளபடி காட்டுமா?" என்று கேட்டேன்.

"காட்டும். காட்டிருச்சே!"

"அப்ப என்னைய எடுக்கச் சொல்லுங்க. நான் அறுத்தவ. என்ன உடுத்தினாலும் அறுத்தவளாத்தானே வரணும்? அப்படி வந்துட்டா நீங்க சொன்னது நெசம். உங்க மருமகளக் கூட்டிட்டுப் போங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

முதலாளி வேண்டாம் என்று தலையாட்டினார். அழகம்மாள் மட்டும், "எடுங்க பாப்போம்" என்று அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள். வாடிக்கையாளரே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்?

அவள் கண்முன்னாலேயே தயார் ஆனேன். ஒளிக்க ஒன்றுமில்லை. ஸ்டுடியோவின் வெள்ளை ரவிக்கையைப் போட்டு, அரக்குச் சேலையைச் சுற்றிக்கொண்டேன். ராக்குவையே கூப்பிட்டு முதுகில் ஊக்கு குத்தச் சொன்னேன்; பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே குத்திவிட்டாள். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் தடவினேன். எங்களிடம் காகிதப் பூச்சரம் ஒன்று உண்டு, பூ வாடிப்போன கல்யாணப் பெண்களுக்காக வைத்திருந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டேன். கவரிங் அட்டிகையைப் போட்டுக்கொண்டேன். கடைசியில் கண்மையை எடுத்து நெற்றியில் பொட்டு வைத்தேன்.

காகிதப் பூ, பித்தளை நகை, பின்திரையில் வரைந்த தூண், எல்லாம் பொய். மைப்பொட்டும் பொய்தான். ஆனால் விரல் நெற்றியில் பட்டதும், அதை எடுக்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழக்கமாக முதலாளி ஆளைச் சிரிக்க வைக்க ஏதாவது சொல்வார். அன்றைக்கு, "அசையாம இரு தங்கச்சி" என்று மட்டும் சொல்லி லென்ஸ் மூடியைக் கழற்றினார். பிளேட்டைக் கழுவி, ஸ்பிரிட்டில் முக்கிக் காய வைத்து, வெயிலில் ஒரு அவசர புரூஃப் போட்டார்; அது நாளடைவில் கறுத்துப்போகிற மாதிரிப் படம். அது வருகிற வரை நாங்கள் மூன்று பெண்களும் அங்கேயே காத்திருந்தோம். ராக்கு மட்டும் பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

புரூஃபை முதலாளி என்னிடம் தரவில்லை. நேராக அழகம்மாள் கையில் கொடுத்தார்.

அவள் அதைக் கண்ணருகில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்தில் ஒரு குடும்பத்துக்காரி உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறையப் பொட்டு, தலை நிறையப் பூ, கறுத்த பட்டுச் சேலை. வீட்டில் புருஷனுக்குச் சோறு வைத்துவிட்டு வந்தவள் போல ஒரு முகம்.

"ஏத்தா" என்றாள். அதுவரை வேதக்காரி, அடிப்பாவி என்று கூப்பிட்டவள். "மவராசியா இருக்கியே!"

"இந்தப் படப் பொட்டிக்கு யாருக்குப் புருஷன் இருக்கு, யாருக்கு இல்லைன்னு தெரியாது ஆத்தா. தெரிஞ்சிருந்தா என்னைய இப்படிக் காட்டுமா?" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். வேலை நேரத்தில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அழகம்மாள் ராக்குவைப் பார்த்து, "என்னடி பொட்டி மேல உக்காந்திருக்க? எந்திரி. மொகத்தக் கழுவு" என்றாள்.

7. இரண்டாம் தடவை

இந்தத் தடவை எங்கள் முறைப்படி நடந்தது. ராக்குவின் மஞ்சளைப் பாசிப்பயற்று மாவு போட்டுத் தேய்த்து எடுத்தோம். குங்குமத்தை மாற்றவில்லை. முகம் வெளுப்பாக இருந்தால் குங்குமம் தன்னால் கறுத்து எடுப்பாகத் தெரியும். வெள்ளை ரவிக்கைமேல் தாலிக் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டேன். வெள்ளையில் மஞ்சள் கயிறு கறுப்புக் கோடாக விழுந்து, பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். அரக்குச் சேலையைக் கட்டினோம். புருஷன் வாங்கிக் கொடுத்த நீலச் சேலையையும் விட மனமில்லாமல், பெட்டியிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பூ வைக்கிற இடம் வந்ததும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அழகம்மாளும் சும்மா நின்றாள். கண்ணாடியைப் பார்த்து ராக்குவே பூவையும் பொட்டையும் வைத்துக்கொண்டாள். ஒரு புரூஃபைப் பார்த்து மனுஷர் அடியோடு மாறிவிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் அலங்காநல்லூருக்குப் போகவில்லை, எனக்கு அது போதும்.

படம் பினாங்குக்குப் போனது. பிறகு அவனிடமிருந்து பதிலும் வந்தது. உடம்புக்கு முடியாமல் கிடந்தானாம், இப்போது தேவலையாம். படம் அருமையாக இருக்கிறது, ஆனால் தான் வாங்கிக் கொடுத்த சேலையைக் கட்டாமல், மடியில் எதற்கு ஒரு வெள்ளைத் துண்டை வைத்திருக்கிறாள் என்று கேட்டிருந்தானாம். ராக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

என் கோட்டு? அதை முதலாளி நாற்காலியிலிருந்து எடுத்து, உதறி, என் கையில் கொடுத்தார். போட்டுக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டேன். விஷயம் வெளியே தெரிந்து சிலர் வராமல் நின்றார்கள். பூவும் பொட்டும் வாடிக்கையாளரே வைத்துக்கொள்வது என்று அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தோம். வேறு பலர், "அந்த நர்ஸம்மா இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

8. திரும்பி வந்தவள்

இரண்டாம் படம் எடுத்த அன்றைக்கே நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. ராக்குவைக் கீழே ஜட்கா வண்டியில் உட்கார வைத்துவிட்டு, அழகம்மாள் மட்டும் மறுபடி படியேறி வந்தாள். எதையோ மறந்து வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். கதவருகில் நின்று முந்தானையைத் திருகினாள்.

"ஏத்தா, அந்தக் காயிதப் பூவு, அந்தச் சீலை..." என்றாள். பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். "எனக்கும் அது மாதிரி ஒண்ணு எடுக்க முடியுமா? ஊருக்குக் காட்ட மாட்டேன். அவுக இருந்தப்ப நாங்க படமே எடுத்துக்கிட்டதில்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஊக்குகளை எடுத்தேன்.

அதே ரவிக்கை, அதே அரக்குச் சேலை, அதே காகிதப் பூ. மையை அவள் கையில் கொடுத்தபோது விரலில் தொட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றாள். வைக்கவில்லை.

"எங்கன வைக்கிறதுன்னு மறந்துபோச்சுத்தா. நீயே வையி" என்றாள்.

நான் வைத்தேன். காலையில் என் கை படக்கூடாது என்று கத்திய அதே அழகம்மாள், கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டினாள்.

படத்தை வாங்கிப் போக அவளே வந்தாள். அந்தப் புரூஃப் போலக் கறுத்துப் போகாதபடி மருந்தில் நன்றாக ஃபிக்ஸ் செய்த படமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த மனுசியத்தேன் அவுக பாத்தாக" என்றாள். மடியில் செருகிக்கொண்டு போனாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் லைட்டைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். அதெல்லாம் முதலாளிக்குத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆள் வந்து நின்றதும் சேலையைப் பார்க்காதே, முகத்தைப் பார்க்காதே. "இந்தப் படத்த யாரு பாக்கப் போறாக?" என்று முதலில் கேள். அழகம்மாளிடம் முதல் நாளே அதைக் கேட்டிருந்தால், மகன் என்றிருப்பாள்; உங்களைப் பார்க்க ஒரு படம் வேண்டாமா, நீங்களும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று அன்றைக்கே கேட்டிருப்பேன்.